முதுகுப் பெஞ்சில் தொங்கிய ஞாயிறு

தனியாக இருப்பவன் உடற்பயிற்சிக் கருவி வாங்கக் கூடாது. வாங்கினாலும், தலை கீழே போகிற கருவியை வாங்கவே கூடாது. (நான் வாங்கினேன்.)

மகளின் பிரசவத்துக்காக மனைவி பிரான்ஸ் போயிருந்தாள். மூன்று மாதம் என்று போனவள், பேரன் முகத்தைப் பார்த்ததிலிருந்து தேதியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். உழவர்கரை வீட்டில் நானும் என் முதுகுவலியும் மட்டும். முதுகுத் தசையைப் பலப்படுத்தச் சொன்னார் டாக்டர்.

கடைக்காரர் இரண்டு பெஞ்சுகள் காட்டினார். ஒன்றில் உடம்பு தரைக்கு இணையாக நீட்டிக் கிடக்கும், இன்னொன்று சாய்வு. புதிதாகத் தொடங்குபவருக்குச் சாய்வுதான் நல்லது, தொடையைத் தாங்கும் மெத்தை இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்றார். எல்லாம் தெரிந்தவன்போல் தலையாட்டினேன். சற்றுக் கீழே நல்லதென்றால் இன்னும் கீழே இன்னும் நல்லதுதானே? வீட்டுக்கு வந்து மெத்தையை முழங்காலுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டேன்.

ஞாயிறு காலை. குதிகாலைப் பெஞ்சின் உருளைக்கு அடியில் செருகி, மார்பில் கைகட்டி, கம்பீரமாகக் குனிந்தேன். குனிந்தது குனிந்ததுதான். முதுகு பிடித்துக்கொண்டது. காலை உருவினால் மண்டை தரையில் மோதும். கைகளை ஊன்றி, காயப்போட்ட லுங்கி மாதிரி தொங்கினேன்.

தரையில் கிடந்த போன் கைக்கு எட்டியது. யாரைக் கூப்பிடுவது? மனைவிக்கு அங்கே இன்னும் விடியவில்லை; விடிந்தாலும் பிரான்ஸிலிருந்து என்னைத் தூக்க முடியாது. பெயர்களைத் தள்ளிப் பார்த்தேன். பிளம்பர், கேஸ், ஆபீஸ், ஆபீஸ். இத்தனை வருஷம் வாழ்ந்த ஊரில் 'கொஞ்சம் வாங்க' என்று சொல்ல ஒருவர் பெயர்கூட இல்லை. ரத்தம் தலைக்கு இறங்கியதால்தான் கண் கலங்கியது என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியில் தண்ணீர் கேன் போடும் செல்வத்தை அழைத்தேன். நல்லவேளை, கதவைத் தாழிட்டிருக்கவில்லை. தோளில் கேனோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கேன எங்க சார் வைக்கிறது?"

"அத அப்பறம் வைங்க. மொதல்ல என்னத் தூக்குங்க."

இடுப்பைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகுதான் மெதுவாகக் கேட்டார்: "வூட்ல வேற யாரும் இல்லீங்களா சார்?"

டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். என்னால் எழ முடியாததால் அதையும் அவரே போட்டார்.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து, மகள் போனை எடுத்ததும் முதலில் கேட்பது, "அப்பா, நேரா இருக்கீங்களா?" பின்னால் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்கும். நேராகத்தான் இருக்கிறேன். மெத்தையை உரிய இடத்துக்கு ஏற்றிவிட்டேன், முதுகும் தேவலை. தண்ணீரைத்தான் குடித்து மாளவில்லை. ஒரு கேன் பாதி தீர்வதற்குள் அடுத்ததற்குச் செல்வத்திடம் சொல்லிவிட்டு, டீக்குப் பால் காய்ச்சுகிறேன்.