நான் அதிகாரம் செய்த ஒரு காலை

நெல்லிவாசல்நாடு,
ஆவணி மாதம், 1961.

என்மேல் என்றும் பிரியம் குறையாத அக்கா சாந்தம்மாள் அவர்கள் சமூகத்துக்கு, தம்பி தாண்டவராயன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் காந்தாவும் மலைக்காற்றின் தயவில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கீழே விவரமாக எழுதுகிறேன். தாங்களும் மாமாவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கவேண்டுமாய் ஆண்டவனைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "பொண்டாட்டி சம்பாதிக்கிறா, இவன் மலைமேல குந்திக்கினு சோறு ஆக்கறானாமே" என்று திருப்பத்தூரில் நம் சனங்கள் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. கடலை மண்டியை மூடிய பிறகு எனக்கு எங்கும் வேலை அமையவில்லை. காந்தாவுக்குக் கிராம சேவிகா உத்தியோகம் கிடைத்தது. அவள் விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து, பெண்களுக்குச் சுத்தம் சுகாதாரம் சொல்லி, படிக்கிற பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, பொழுது சாயத் திரும்புகிறாள். அதுவரை அடுப்பு காத்திருக்குமா? ஆகையால் நான் ஆக்குகிறேன். இந்த மலையில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'சேவிகாம்மா வூட்டுக்காரரு' என்றால்தான் தெரியும். அதுகூடப் பழகிவிட்டது அக்கா. என் தலைவலியெல்லாம் நைனாவால் வந்தது.

நைனாவிடம் நான் எப்படிச் சொல்லிவைத்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். சர்க்கார் உத்தியோகம் எனக்கு, காந்தா சும்மா பொழுதுபோக்காகத் தையல் சொல்லித்தருகிறாள் என்று. அந்த நைனா வைகாசியில் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு சொல்லாமல் கொள்ளாமல் மலையேறி வந்து நின்றார். "எங்கப்பா முன்னாடி கொஞ்சம் பொம்பளையா இரேன்" என்று காந்தாவைக் கெஞ்சினேன். "இப்போ இன்னாவா இருக்கேன்?" என்று கேட்டாள். பிறகு ஒப்புக்கொண்டாள். ஆனால் உப்பு எங்கே, புளி எங்கே என்று அவளுக்கு என்ன தெரியும்? நான் வெளியே நைனாவோடு உட்கார்ந்துகொண்டு, ஒரு தரம் இருமினால் இடப்பக்கத்து டப்பா, இரண்டு தரம் இருமினால் வலப்பக்கம் என்று ஏற்பாடு செய்தோம். அன்று ரசத்தில் உப்பே இல்லை, களி கஞ்சியாக வந்தது. நைனா சாப்பிட்டு முடித்து, "இருமலுக்கு எதனா கஷாயம் குடிடா" என்றார்.

அது போதாதென்று மறுநாள் பக்கத்து வீட்டு மாதையன் வந்து, நைனா எதிரிலேயே, "சாரு, நீங்க அன்னிக்கி அரைச்சீங்களே தொவையலு, எப்டி அரைக்கறதுன்னு எங்க வூட்டுல கேட்டாங்க" என்றான். "அது ஒரு சர்க்கார் திட்டம் நைனா" என்றேன். "தொவையலுக்கா?" என்றார். "சத்தான சாப்பாடு விஷயமா..." என்று இழுத்தேன். நைனா கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்தார்.

இதுவரை சிரிக்கலாம் அக்கா. இனிமேல் எழுதக் கை வரவில்லை. அந்த மாதையனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சின்னக்குழந்தை நன்றாகப் படிக்கிறவள். அவளைத் திருப்பத்தூரில் பெண்கள் விடுதியோடு இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் காந்தா ஒரு வருஷமாக மாதையனிடம் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தாள். சேர்க்கிற கடைசி நாள், நைனா இருந்த நாட்களில் வந்துவிட்டது. காலையில் அந்தப் பெண் தலை நிறைய எண்ணெய் வைத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, துணிப்பையோடு எங்கள் வாசலில் நின்றாள். காந்தா குடையோடு புறப்பட்டாள். நைனா கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைப்பாரோ என்று எனக்குப் பயம். எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, "வூட்ல பெரியவரு வந்திருக்காரு, இப்போ இன்னா ஊர் சுத்தறது? உள்ள போ!" என்று கத்திவிட்டேன்.

காந்தா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். என்றைக்கும் போடுகிறவள்தானே! அன்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குடையை மூலையில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். அவளுக்கு வைத்திருந்த இடத்தில் வேறு யாரையோ சேர்த்துக்கொண்டார்கள். "ஏன் என் பேச்சைக் கேட்டே?" என்று பின்னால் கேட்டேன். "உங்கப்பா எதிர்ல உங்களை வுட்டுக்குடுக்க மனசு வரலை" என்றாள்.

நைனா ஊர் திரும்பும்போது வழியனுப்பப் பாதி மலை இறங்கினேன். அங்கே கேட்டார்: "ஏன்டா மருமவளைப் போவ வுடாம நிறுத்தின?"

"உனக்காகத்தான் நைனா."

"எனக்கா? எல்லாம் தெரிஞ்சும் நான் உனக்காகத்தான கம்முனு குந்தினு இருந்தேன்! உங்கம்மா செத்தப்புறம் உங்களுக்கு யாருடா சோறு ஆக்கினது? கதவைச் சாத்திக்கினு நான்தான ஆக்கினேன். ஊருல கேட்டவனுக்கெல்லாம் உங்கக்கா சாந்தா ஆக்கறான்னு சொன்னேன். மொறம் ஒசரம் இருந்தா அவ, அடுப்பு எட்டுமா அவளுக்கு?"

அந்தக் கதவு எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். எதற்காகச் சாத்தினார் என்றுதான் நாம் இருவரும் கேட்டதே இல்லை.

ஆனியில் சின்னக்குழந்தைக்குக் கல்யாணம் பேசினார்கள். தடுக்கலாம் என்று காந்தா ஓடினாள். நானும் பின்னால் போனேன். அவள் தாய் பாஞ்சாலி கூடை முடைந்துகொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள்: "உங்க வூட்டுக்காரரு ஒரு வார்த்த சொன்னதும் நீங்களே உள்ள போய்ட்டீங்கம்மா. எம்பொண்ணு மட்டும் அவங்கப்பன் பேச்ச மீறணுமா?" காந்தா வந்த வழியே திரும்பி நடந்தாள். ஒரு வருஷம் வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் என் ஒரு கத்தலில் போயிற்று. கல்யாணம் முடிந்தது. மாலையும் கழுத்துமாக அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஆகையால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நான் இங்கே இருந்தால் இவள் உத்தியோகத்துக்குக் கெடுதல். அடுத்த சந்தையன்று இறங்கி வருகிறேன். மண்டியோ கடையோ, மூட்டை தூக்குகிற வேலையானாலும் சரி, மாமாவை விசாரிக்கச் சொல்லவும். ஒரு சின்ன ரூம் பார்த்துவைக்கவும். என்னைத் தடுத்துக் கடிதம் எழுதவேண்டாம். மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். எல்லாரும் நோய்நொடியில்லாமல் வாழவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி,
தாண்டவராயன்

பின்குறிப்பு: ரூம் பார்க்கவேண்டாம். வேலையும் விசாரிக்கவேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது பாஞ்சாலி தன் இளைய பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அடுத்த வருஷம் இவளை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டுமாம். மாதையனும் சரியென்றுவிட்டானாம். "சேத்துடலாம், நானே கூட்டிட்டுப் போறேன்" என்று காந்தா எழுந்தாள். பாஞ்சாலி தலையை ஆட்டிவிட்டு என்னைக் காட்டினாள். "நீங்க வாணாம்மா. சாரு கூட்டிட்டுப் போவட்டும். அவரைப் போவாதன்னு சொல்ல ஆளு கெடையாதில்ல?"

காந்தா சிரித்துவிட்டாள். வைகாசிக்குப் பிறகு இன்றுதான் அவள் சிரித்து நான் பார்க்கிறேன். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை அக்கா.