மௌன வசனங்களுக்கான உபகுழு

மனிதகுலம் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தீர்க்காமல் வைத்திருந்த ஒரு சிக்கல், சென்ற மாதம் அடையாற்றங்கரையில், ஒரு தேவாலயத்தின் பக்கத்து அறையில், இரண்டு தட்டு பஜ்ஜி காலியாவதற்குள் தீர்ந்துபோனது. தீர்த்துவைத்தவர் சபைச் செயலாளர் ஞானசிகாமணி.

சிக்கல் இதுதான். வாயைக் காத்துக்கொள் என்று வேதாகமத்தில் ஓரிடம் சொல்கிறது. பேச முடியாதவர்களுக்காக வாயைத் திற என்று இன்னோரிடம் சொல்கிறது. இத்தனை நாள் இரண்டு வசனங்களும் சண்டை சச்சரவு இல்லாமல்தான் இருந்தன. ஆலயத்தைப் பெருக்கும் அன்புக்கரசி வந்துதான் கிளப்பிவிட்டாள்.

“ஐயா, எங்க தெருவயே ஆத்து எடம்னு காலி பண்ணி ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துக்கு அனுப்பப் போறாங்களாம். வெள்ளிக்கெழம நந்தனம் ஆபீசுல விசாரணை. முப்பது வருசமா இங்கதான் கீறாங்கன்னு சபையிலேர்ந்து ஒருத்தரு சொன்னா நம்புவாங்க.”

ஞானசிகாமணிக்கு நெஞ்சு இளகிவிட்டது. இளகிய நெஞ்சோடு உடனே ஓர் ‘உபகுழு’ அமைத்தார். பேசுவதா, பேசாமலிருப்பதா என்று வசன ஆதாரத்தோடு ஆராய வேண்டுமல்லவா?

“மௌனத்துக்கு ஒரு காலம், பேச ஒரு காலம்னு இருக்கே சார்” என்றார் பொருளாளர் மதிவாணன், பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்தபடி.

“எது முதல்ல வருது?” என்று கேட்டார் ஞானசிகாமணி.

“மௌனம்தான்.”

“அப்போ வரிசைப்படியே போவோம்.”

செயலாளர் விசாரணைக்கு நேரில் சென்று, முழுமனதோடு பேசாமலிருப்பார் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வெள்ளிக்கிழமை ஞானசிகாமணி இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் போய் அமர்ந்தார். விசாரணை அதிகாரி விசாலாக்ஷி அவரைப் பார்த்து, “சர்ச்லேர்ந்து வந்திருக்கீங்க. இவங்க எத்தனை வருஷமா அங்க இருக்காங்க?” என்று கேட்டார்.

ஞானசிகாமணி புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் அன்பு இருந்தது, பொறுமை இருந்தது, இச்சையடக்கம்கூட இருந்தது. பதில் மட்டும் இல்லை. பின்வரிசையிலிருந்து அன்புக்கரசி எழுந்தாள்.

“அவர வுடுங்கம்மா, நானே சொல்றேன். எங்க தெரு முப்பது வருசமா கீது. இவங்க சர்ச்சு ஜெனரேட்டர் ரூமு போன வருசம் வந்துச்சு. அதுதான் ஆத்து எடத்துல நாலடி வந்து குந்திக்கினு கீது.”

அந்த நொடியில் ஞானசிகாமணிக்குப் பேசும் காலம் பிறந்தது.

“மேடம், அபாண்டம்! எங்க எல்லை ஆத்துல முடியல, இவங்க தெருவுல முடியுது. தொண்ணூத்தி நாலுல நான்தான் கூடவே நின்னு அளந்தேன். இவங்க அப்பா வீட்டுச் சுவரை ஒட்டித்தான் கல்லு நட்டோம். அப்போ போட்ட வரைபடத்துல இந்தத் தெருவே இருக்கு. நடுவுல ஒரு தெருவே இருக்கும்போது எங்க ரூம் எப்படி மேடம் ஆத்துக்குள்ள போகும்?”

இருபது நிமிடம் பேசினார். செல்போனில் இருந்த வரைபடத்தையும் காட்டினார். விசாலாக்ஷி ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். தெரு முப்பது வருடப் பழையது என்பதற்குச் சபைச் செயலாளரே சாட்சி சொல்லிவிட்டதால், காலி செய்யும் உத்தரவை அங்கேயே நிறுத்திவைத்தார்.

“இவ்வளவு நல்லா பேசறார். முதல்ல கேட்டப்போ பேச வராதவரோன்னு நெனச்சேன்” என்றார் அதிகாரி.

“வரும்மா” என்றாள் அன்புக்கரசி. “எங்க வீடு போவுதுன்னா வராது. அவங்க ஜெனரேட்டரு போவுதுன்னாத்தான் வரும்.”