வத்தல் அண்ணாச்சியும் ஈரக் கழிவும்

விருதுநகரில் கோபப்படுவதற்கென்றே பிறந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் சந்தர்ப்பவசத்தால் கோபப்படுகிறவர்கள். அவர் வத்தல் அண்ணாச்சி. மிளகாய் வத்தலில் மொத்த வியாபாரம். பெயர்தான் வத்தல், அவர் உட்கார்ந்துவிட்டால் கீழே ஒரு நாற்காலி இருப்பதை நாம் நம்பிக்கையின்பேரில்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கடைக்குள் நுழைகிறவரைத் திட்டுவார். நுழையாமல் போகிறவரையும் திட்டுவார். மழை பெய்தால் வானத்தை, பெய்யாவிட்டால் டிவியில் வானிலை சொல்லும் பெண்ணை. ஆள் சிக்காத மத்தியானங்களில் தன் தொப்பையையே கூப்பிட்டு வைத்துத் திட்டுவார்.

"ஏலே, நான் உனக்கு மொதலாளியா, நீ எனக்கு மொதலாளியாலே? நான் கல்லாவுக்கு வாரதுக்கு முந்தி நீ வந்து உக்காந்திருக்க!"

பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் எனக்குத் தனி ரகம். "எழுதுறானாம்லே எழுத்து! அத வாசிச்சுச் சிரிச்சவன் எவன்னு காட்டு, அவனுக்கு ஒரு மூட வத்தல் சும்மா தாரேன்." அந்த மூட்டையை இன்றுவரை யாருக்கும் என்னால் வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

இந்த மனிதரை ஒருவன் வசப்படுத்தினான். அவனை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது. ஊரில் அவனைக் 'கோச்' என்பார்கள். போன வருஷம் வரை தண்ணீரைச் சுத்தம் பண்ணும் மிஷின் விற்றான். இப்போது மனிதர்களைச் சுத்தம் பண்ணுகிறான். சூலக்கரை போகிற வழியில் ஒரு ஏசி அறை, பச்சை பனியன், அடுக்கடுக்காக அமினோ அமிலப் பவுடர் டப்பா.

"அண்ணாச்சி, கொழுப்புன்னா சும்மா தொங்குற சதை இல்ல. அதுவும் ஒரு உறுப்பு. வயசாக ஆக அதுக்கும் சீக்கு வருது. இந்த அமினோ ஆசிட் உள்ள போனா அது பழையபடி இளசாயிரும். சுகர் தானா எறங்கிரும். அப்புறம் எதுக்கு மாத்திர?"

இதில் என்னைக் கொதிக்க வைப்பது எதுவென்றால், முதல் பாதி உண்மை. நானும் வாசித்திருக்கிறேன், என் தொப்பைக்கு எதிராக நான் எடுத்த ஒரே நடவடிக்கை வாசிப்புதான். கொழுப்புத் திசு வேலை செய்கிற உறுப்பேதான். முதுமையிலும் உடற்பருமனிலும் அது சீர்கெடுகிறது. சில அமினோ அமிலங்களைக் கொடுத்தால் தேறுமா என்று ஆராய்ச்சியும் நடக்கிறது, அதுவும் பெரும்பாலும் எலிகளிடம். எந்த எலியும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. டப்பாவில் எலி படம் போடாமல், சிக்ஸ் பேக் வைத்த ஒரு கிழவர் படத்தைப் போட்டிருந்தார்கள்.

அண்ணாச்சி சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். டப்பாவை ஒன்றாக வாங்குவது மொத்த வியாபாரிக்கு அவமானம் என்று பெட்டி பெட்டியாக இறக்கினார். மூட்டை நிறுக்கிற தராசில் தினமும் தானே ஏறி நின்றார். மூட்டைக்குச் சாக்குக் கழிவு கழிப்பதுபோல, வேட்டி துண்டுக்கு ஒரு கழிவு கழித்துக்கொண்டார். எடை இறங்க ஆரம்பித்தது.

மிளகாய் வியாபாரிக்கு எடை குறைவதில் பயமே கிடையாது. களத்தில் காயக் காய ஈரம் போகும், எடை குறையும், சரக்கு தரமாகும். அந்த நஷ்டத்துக்கு ஈரக் கழிவு என்று பெயர். அதே கணக்கை அண்ணாச்சி தன் உடம்புக்கும் போட்டார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். குடித்த வேகத்தில் கழிப்பறைக்கு ஓடினார்.

"பாத்தியாலே? ஈரம் எறங்குது. சரக்கு காயுது."

"அண்ணாச்சி, இது காயுறது இல்ல. சுகர் ஏறுது. ஒரு டெஸ்ட் எடுங்க."

"வயித்தெரிச்சல்லே உனக்கு! மொதல்ல உன் தொப்பய நிறு."

அவர் மனைவி, எங்கள் மதினி, என்னிடம் தனியாக வந்தார். "சட்ட தொளதொளன்னு தொங்குது தம்பி. கண்ணு உள்ள போயிருச்சு. நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?" மறுபடி சொன்னேன். மதினியின் பங்கையும் சேர்த்து எனக்கே திட்டு விழுந்தது.

தீபாவளி சீசன் முடிந்ததும் சிவகாசியில் ஒரு மண்டபத்தில் கோச் கூட்டம் போட்டான். பட்டாசு முதலாளிகள், அச்சக முதலாளிகள் எல்லாரும் ஓய்வாக, தொப்பையும் கையுமாக முன்வரிசையில். மேடையில் அண்ணாச்சிதான் உயிருள்ள சாட்சி. துணைக்கு என்னை மதினி அனுப்பியிருந்தார். பின்னால் பெரிய பேனர். இடது பக்கம் 'முன்': சிவந்த முகமும் தொப்பையுமாக முறைக்கிற அண்ணாச்சி. வலது பக்கம் 'பின்': சட்டைக்குள் தொலைந்துபோன அண்ணாச்சி. கைதட்டல் அடங்கியதும் அவர் மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"வாங்க தம்பி. நல்லா இருக்கீகளா?"

அந்த வாயிலிருந்து எனக்கு ஒரு 'வாங்க' வந்ததே இல்லை. அடுத்த நொடி மைக்கோடு சரிந்தார்.

மேடைக்கு ஓடினேன்; 'ஓடினேன்' என்பது என் எடைக்குக் கொஞ்சம் மிகை. அதற்குள் கோச் மைக்கைப் பொறுக்கிவிட்டான்.

"யாரும் பயப்படாதீங்க. உள்ள இருக்கிற நஞ்சு வெளியேறுது. இன்னொரு ஸ்கூப் பவுடர் குடுத்தா எந்திரிச்சிருவாரு."

கூட்டம் தலையாட்டியது! ஒரு மனிதர் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார், படித்தவர்கள் உட்கார்ந்து தலையாட்டுகிறார்கள். நான் யாரையும் அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. மைக்கைப் பிடுங்கி, அண்ணாச்சி இத்தனை வருஷமாக எனக்கு வழங்கிய அத்தனை வார்த்தைகளையும் கோச்சுக்கு வழங்கினேன். வெடிச் சத்தத்துக்குப் பழகிய ஒரு பட்டாசு முதலாளியே காதைப் பொத்திக்கொண்டார். பிறகு அவர்தான் தன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"சர்க்கரை எக்கச்சக்கமா ஏறியிருக்கு" என்றார் டாக்டர். "இது மெலிவு இல்ல. உடம்பு தன்னையே தின்னிருக்கு. கொழுப்போட தசையும் சேந்து போயிருக்கு. பவுடர் நல்லதா கெட்டதாங்கிறது வேற பேச்சு. மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?"

தகவல் கேட்டு விருதுநகரிலிருந்து ஓடிவந்திருந்த மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பிழைத்துவிட்டார். இப்போது ஊசி, மாத்திரை, காலை நடை. எண்ணெய் பரோட்டாவுக்குத் தடை. கடைக்கு வருகிறார். ஆனால் போன தெம்பு திரும்பவில்லை. பாதித் திட்டிலேயே மூச்சு வாங்கி நிறுத்திவிடுகிறார். மீதியை நாங்களே மனதுக்குள் முடித்துக்கொள்கிறோம்.

கோச் அசரவில்லை. அதே பேனரை சூலக்கரை சாலையோரத்தில் கட்டிவிட்டான். எடுக்கச் சொல்லிப் போய்க் கேட்டேன். "போட்டோ நல்லா வேல செய்யுது சார். அதப் பாத்துத் தெனமும் ஆள் வருது" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

மறுநாள் காலை, வீட்டில் இருந்த ஒரே ஆயுதமான காய்கறிக் கத்தியோடு போனேன். எதிர் டீக்கடை ஸ்டூலைப் பேனருக்குக் கீழே இழுத்துப் போட்டு ஏறினேன். அது முனகியது. டீக்கடைக்காரர் ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். பேனரை நடுவில் அறுத்தேன். 'பின்' பாதியை ஆத்திரம் தீருமட்டும் கிழித்தேன். 'முன்' பாதியின் கயிறுகளை மட்டும் அவிழ்த்து, முகம் மடங்காமல் சுருட்டினேன்.

"அந்தக் குண்டுப் பாதி எதுக்கு சார்? கூரைக்குப் போடவா?"

"வீட்டுல மாட்டப்போறேன்ணே. இதுல எங்க அண்ணாச்சி தெம்பா மொறைக்காரு."