பனி விலகுவதற்குள் பேய் வரவேண்டும்

மூன்று மணி நாடகத்துக்கு இரண்டே முக்கால் வரை வந்திருந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் நாற்காலிகளை வாடகைக்கு விட்டவர். அவர் நாற்காலிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை இடுக்கில் கண்ணை வைத்து எண்ணிய ஆன்மேரி, மறுபடியும் எண்ணினாள். நான்குதான்.

"கூட்டம் எப்படி, புள்ள?" என்று பின்னாலிருந்து கேட்டார் குழுவின் முதலாளி மரியதாஸ்.

"முன்வரிசை நெறஞ்சிருச்சுங்கண்ணா."

பொய் இல்லை. முன்வரிசையில் நான்கு நாற்காலிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பின்னால் தள்ளியிருந்தது அவள்தான்.

அந்த நால்வரில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவர் புஷ்பலதா. மலையூர்களில் விழா நடத்தும் குழுவின் செயலாளர். இன்றைக்குக் கூட்டம் வந்து கடைசிவரை உட்கார்ந்தால், அடுத்த பத்து ஊர்களிலும் இவர்கள் நாடகம்தான். இல்லையென்றால் இன்றோடு குழுவைக் கலைத்துவிடுவதாக மரியதாஸ் சொல்லிவிட்டார். கலைந்தால் ஆன்மேரி பழையபடி சேலம் ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரிவரை நின்றுகொண்டே நைட்டி மடிக்க வேண்டும். நான்கு வருடமாகத் திரை இழுத்து, சாமான் அடுக்கி, புகை விட்டு, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுத்துப் பழகியவளுக்கு இனி நைட்டி மடிக்கக் கை வராது. நாடகம் நடந்தே தீரும் என்று தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அப்போதுதான் பனி இறங்கியது. ஏற்காடு ஒண்டிக்கடை முக்கிலிருந்து வந்த பனி, மண்டபத்து வாசலில் கட்டியிருந்த பேனரை முதலில் விழுங்கியது. பிறகு ரோட்டை. பத்தே நிமிடத்தில் கூட்டம் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தது. பையோடு பெண்கள், மிளகு மூட்டையோடு ஓர் ஆள், கக்கத்தில் சேவலோடு இன்னோர் ஆள். நாற்காலி போதவில்லை.

"போஸ்டர் வேலை செஞ்சிருச்சுங்கண்ணா!" என்று கத்திவிட்டு ஆன்மேரி பெஞ்சு இழுத்துப்போட ஓடினாள்.

பெஞ்சில் முதலில் உட்கார்ந்த சின்னத்தாயி என்ற அம்மாள், "இங்க என்ன கண்ணு விசேசம்?" என்று கேட்டாள்.

"நாடகமுங்க. நீங்க அதுக்குத்தானே வந்தீங்க?"

"அட நீ ஒண்ணு. பனி அடைச்சிருச்சுன்னு மாரமங்கலம் பஸ்ஸ நிறுத்திட்டாங்க. வெளிய நொம்பக் குளுரு. பனி வெலகுனா கெளம்பிருவோம். அதுவரைக்கும் நீங்க என்னமோ பண்ணிட்டிருங்க, நாங்க ஒண்ணுஞ் சொல்ல மாட்டோம்."

"எவ்வளவு நேரத்துல வெலகுமுங்க?"

"அது பனியத்தான் கேக்கோணும்."

நாடகம் இரண்டு மணி நேரம். பணக்கார மாமனார் இரண்டாம் காட்சியில் சாவார். நான்காம் காட்சியில் பேயாக வந்து மருமகனை ஆட்டிவைப்பார். பேய் வந்தால் கூட்டம் எழாது. ஆனால் பேய் வர ஒரு மணி நேரம் ஆகும். ஆன்மேரி கணக்காக யோசித்து, இரண்டையும் மூன்றையும் தூக்கிவிட்டாள். முதல் காட்சி முடிந்ததும் மாமனார் வேடக்காரர் பொன்னுவேலுக்கு முகமெல்லாம் வெள்ளை அப்பி, மூக்கில் பஞ்சை அடைத்து, மேடைக்குத் தள்ளினாள்.

மருமகனாக நடித்த ஆசிர் அலறினான். "ஐயோ மாமா! நீங்க செத்துட்டீங்களே!"

"எப்பய்யா செத்தாரு?" என்றது பின்வரிசை.

"இப்பத்தான நல்லா காப்பி குடிச்சிட்டு உள்ள போனாரு!" என்றாள் சின்னத்தாயி.

புஷ்பலதா நோட்டில் ஏதோ எழுதினார்.

ஆன்மேரி பக்கத் தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணா, சாவுங்க! இப்பவே சாவுங்க!"

"பேயா வந்துட்டு எப்படிம்மா சாவறது?" பொன்னுவேல் உதடு அசையாமல் கேட்டார்.

"நெஞ்சப் புடிச்சுட்டு விழுங்கண்ணா, மத்தத நான் பாத்துக்கறேன்!"

பேய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தது. திரையை மூட ஆன்மேரி கயிற்றை இழுத்தாள். கயிறு கப்பியில் மாட்டிக்கொண்டது. திறந்த மேடையில் பிணம் கிடந்தது. இந்தச் சமயம் பார்த்துக் கக்கத்துச் சேவல் தப்பி மேடையேறி, பிணத்தின் மூக்கிலிருந்த பஞ்சைக் கொத்தியது. பிணம் தும்மியது.

"உசுரு வந்திருச்சு! உசுரு வந்திருச்சு!" என்று கைதட்டல்.

கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே திரும்பிய ஆன்மேரி கயிற்றை விட்டுவிட்டாள். பக்கத்து ஜன்னல் வழியாகத் தரையில் மெல்லிய வெயில் கோடு ஒன்று விழுந்திருந்தது. அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ் தெரியும். பஸ் தெரிந்தால் கூட்டம் எழும். கூட்டம் எழுந்தால் நைட்டி.

புகை மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, ஜன்னலுக்கு நேராக வைத்து முடுக்கினாள். கண்ணாடி முழுக்கப் பனி. அப்பாடா என்று உள்ளே வந்தால் மரியதாஸ் நின்றார்.

"புள்ள, பேய் எந்திரிக்கப் போகுது. புகை எங்க?"

"இதோ வருதுங்கண்ணா!"

கையில் அகப்பட்டது பூஜைச் சாமான் கூடைதான். சாம்பிராணியை அள்ளி, குளிர்காய மூட்டியிருந்த தணல் சட்டியில் போட்டு மேடையோரம் தள்ளினாள். புகை நடுவே பொன்னுவேல் கண்ணை உருட்டிக்கொண்டு எழுந்தார். வாசனை பரவியதும் மண்டபம் கப்சிப்பென்று ஆனது. ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றினாள். சின்னத்தாயி கைகூப்பியபடி நேராக மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாமி, எம்பட பையனுக்கு எப்பங்க சாமி கல்யாணம் கூடும்?"

பொன்னுவேல் திருதிருவென்று ஆன்மேரியைப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்தாள். "ஏதாச்சும் சொல்லி அனுப்புங்கண்ணா! கதை நிக்குது!"

"தை மாசம்," என்றது பேய்.

சின்னத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். அந்த இடத்தில் உடனே மிளகு மூட்டைக்காரர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இருவர்.

கதை நகராமல் போய்விட்டது. அதற்குள் ஜன்னலில் பனி கிழிய ஆரம்பித்ததைப் பார்த்த ஆன்மேரி, தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் வெளியே ஓடினாள்.

வானம் நீலமாகக் கிடந்தது. பஸ் பளிச்சென்று நின்றது. ஏற்காட்டிலேயே இந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும்தான் பனி. மெஷின் குக்கர் மாதிரி சீறிக்கொண்டிருந்ததில் உள்ளே நடப்பது எதுவும் கேட்கவில்லை. அவள் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. காற்று திரும்பும்போதெல்லாம் மெஷினையும் திருப்பினாள். அரை மணி நேரம் போனபின் எண்ணெய் தீர்ந்து மெஷின் விக்கி நின்றது. விடாமல் அட்டைப் பெட்டியைக் கிழித்து, மிச்சப் புகையைக் கண்ணாடிமேல் விசிறினாள்.

"ஏனுங்க கண்ணு, தீப் புடிச்சிருச்சா?"

திரும்பினாள். காக்கிச் சட்டையும் தோளில் பையுமாகக் கண்டக்டர்.

"இல்லீங்க. பனி."

கண்டக்டர் வானத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

ஆன்மேரி விசிறுவதை நிறுத்தவில்லை. "அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது. இன்னும் ஒரே கால் மணி நேரம் பஸ்ஸ எடுக்காதீங்க. உள்ள போயி யாரையும் கூப்பிடாதீங்க. அவங்க எந்திரிச்சுட்டா எங்க குழு இன்னியோட முடிஞ்சுதுங்க!"

கண்டக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அரை மணி நேரமா நானும் உள்ள போயிக் கூப்புட்டுட்டுத்தான் இருக்கறேன் கண்ணு, ஒருத்தரும் எந்திரிக்கல, இப்ப நோட்டு வெச்சிருக்கற அம்மாவுக்குப் பின்னால எங்க டிரைவரே வரிசையில நிக்கறாரு, அந்தப் பேய்கிட்டச் சொல்லி அவரையாச்சும் சீக்கிரமா அனுப்பி வையி."