உயிரோடு இருந்தவருக்கு ஒப்பாரி

மருந்து கொடுக்கிறவருக்கு அளவு தெரியும். ஆறுதல் கொடுக்கிறவருக்கு அது தெரியாது. இதை நான் யாரிடமும் படிக்கவில்லை. ஒரு மலையையே வேலையை விட்டு ஓடிவரச் செய்து தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் கடைசி. வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். எந்த ஆஸ்பத்திரியும் என்னை அனுப்பவில்லை. கூப்பிட்ட வீட்டுக்குப் போவேன். (கூப்பிடாத வீட்டுக்கும் யோசனை சொல்லப் போவேன் என்பார் என் வீட்டுக்காரர். நம்பாதீர்கள்.) அப்படித்தான் இலங்கை மலைநாட்டில் வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் தனியாகக் கிடந்த பச்சையம்மா அக்காவிடம் போனேன். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர். அட்டனில் கடையில் வேலை செய்த மகன்தான் என்னை அமர்த்தினார்.

இடுப்பு ஆறிக்கொண்டு வந்தது. மனசு ஆறவில்லை. ஒரே மகள் ராசாத்தி, இரண்டு அரசாங்கங்கள் தோட்டத்துச் சனங்களைப் பேசிப் பங்கு பிரித்ததில் இந்தியாவுக்கென்று விழுந்து, கப்பலேற, கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலில் போய்விட்டாள். படுத்த படுக்கையான தாயால் ஸ்டேஷன் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. அன்றிலிருந்து அக்கா அழவுமில்லை, சாப்பிடவுமில்லை. கஞ்சியை ஊட்டினால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். உடம்பு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனது.

"அழுதுருங்கக்கா, பாரம் கொறையும்" என்றேன்.

"செத்தவுங்களுக்கு அழுவ மொறை இருக்கு தாயி. உசுரோட போனவளுக்கு என்னான்னு அழுவேன்?"

எனக்குள் இருந்த பெரிய டாக்டர் விழித்துக்கொண்டார். ஒருத்தி ஒப்பாரி எடுத்தால் பக்கத்தில் இருப்பவளுக்குத் தொண்டை தானாகத் திறக்கும். இவருக்கு நானே எடுத்துக்கொடுத்தால் என்ன? முடியை அவிழ்த்துவிட்டேன். (எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கில்லை.) மாரில் அடித்துக்கொண்டு எடுத்தேன்: "கொழுந்தெடுத்த காசுல வளத்த கொடியே, கோச்சியேறிப் போனியே!"

என் குரல் அந்தக் காலத்தில் ஆற்றைத் தாண்டும். தோட்டத்தில் ஒப்பாரி கேட்டால், செத்தது யாரென்று விசாரித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள், ஓடிவருவார்கள். வந்தார்கள். முதுகில் கூடையோடு பெண்கள். பின்னால் சாவுக்கு அடிக்கும் தப்பும் கையுமாக ஒருவர். கடைசியில் மூச்சு வாங்க, அவர்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, குனிந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

அக்கா கண்ணைத் திறந்தார். "என்னாங்கய்யா, இன்னைக்கி மலையில வேல இல்லீங்களா?"

கணக்கப்பிள்ளை போட்ட அலறலுக்கு முன்னால் என் ஒப்பாரி ஒன்றுமேயில்லை.

"அப்ப யாருடி எழவு?" என்று கேட்டார் முன்னால் நின்ற செல்லாயி அக்கா. விஷயத்தைச் சொன்னேன். விளக்குமாற்றால் விழும் என்றுதான் நினைத்தேன். அவரோ கூடையை இறக்கிவைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எந் தங்கச்சியும் அதே கோச்சியிலதான் போனா. நான் மட்டும் அழுதனா? மறுபடி எடுடி."

"கொழுந்து காயுது!" என்று கணக்கப்பிள்ளை கத்தியும் ஒருத்திகூட எழும்பவில்லை. அவளவள் தன்னைவிட்டுப் போனவர்களின் பெயரைச் சொல்லி அழுதாள். நடுவில் பச்சையம்மா அக்காவின் தொண்டையிலிருந்து, "ராசாத்தீ" என்று ஒரு சத்தம் வந்தது. அன்று மாலை ஒரு ரொட்டியை முழுதாகத் தின்றார்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? அக்கா சோற்றை ஒதுக்கும் நாளெல்லாம் நான் ஒப்பாரி எடுப்பேன். எதிர்மலையில் சிரிப்பார்கள், அக்காவும் சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பார்.

அடுத்த மழைக்காலத்தில், காய்ச்சலில் கிடந்த அக்கா ஒரு நாள் காலையில் கண்ணைத் திறக்கவில்லை. வாசலில் நின்று ஒப்பாரி எடுத்தேன்.

"என்னாடி, அக்கா இன்னைக்கும் சோறு திங்கலையா?" என்று எதிர்மலையிலிருந்து செல்லாயி அக்காவின் குரல். மலையே சிரித்தது.

மழையில் மலையேறி, கொழுந்தெடுக்கும் நிரை நிரையாகப் போய்ச் சொன்னேன். சொன்ன இடத்திலெல்லாம் முதலில் சிரித்தார்கள்.

இன்றும் என் கண் கொஞ்சம் கலங்கினால் போதும், பிள்ளைகள் கேலியாக, "நெசமாவா, வைத்தியமா?" என்று கேட்பார்கள்.

வைத்தியம்தான் என்று சொல்லிவிடுவேன்.