சக்கரா ஹைட்ஸ்: கீழே கடை, மேலே வீடு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது சக்கரபாணி ஒரு முடிவுக்கு வந்தார். இனி அவர் ஜவுளிக் கடை சூப்பர்வைசர் இல்லை. ரியல் எஸ்டேட் புரமோட்டர். வாய் நிறைய நுரை இருந்ததால் இந்த வரலாற்று முடிவை உடனே வெளியிட முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வெளியிட்டார்.

"தேவயானி, திண்டிவனத்தையே தலைகீழா மாத்தப் போறேன்."

"மாத்துங்க. மொதல்ல அந்தக் கொழாய மூடுங்க. தண்ணி போய்க்கினே இருக்குது."

விழுப்புரத்து ஜவுளிக் கடையில் இருபத்திரண்டு வருஷம், மற்றவர்கள் புடவை மடிப்பதை நின்று பார்த்தவர் அவர். அந்த அனுபவம்தான் மூலதனம். நிலம் என்று பார்த்தால், திண்டிவனத்துக்கு வெளியே ஷூ கம்பெனிக்குப் போகிற சாலையில் ஆறு சென்ட் இருந்தது. அது தேவயானி பதினோரு வருஷம் டிபன் கடை நடத்தி, இட்லி இட்லியாகச் சேர்த்து வாங்கியது. பத்திரமும் அவள் பேரில்தான். பாசத்தால் மனைவி பேரில் பதிந்தேன் என்று சக்கரபாணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். பாசமாவது ஒன்றாவது! பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும் என்று யாரோ சொன்னார்கள். மிச்சமான காசில் ஒரு குளிர் கண்ணாடி வாங்கிக்கொண்டார். கண்ணாடி அவருக்கு, நிலம் அவளுக்கு.

இந்தப் புரமோட்டர் ஆசையைக் கிளப்பிவிட்டவன் விழுப்புரத்து புரோக்கர் சின்னதுரை.

"அண்ணே, கீழ கடை, மேல வீடு. இதுக்கு மிக்ஸட் யூஸுன்னு பேரு. சென்னையில ஒரு பைனான்சியர் இருக்காரு. எடத்த மட்டும் குடுங்க, பணம் பூரா அவரு போட்டுக் கட்டிடுவாரு. உங்களுக்கு ரெண்டு பிளாட்டு. அண்ணிகிட்ட ஒரு பவர் மட்டும் எழுதி வாங்கிடுங்க. ஜல்தியா முடிச்சிடலாம்."

அந்தப் பைனான்சியரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் சின்னதுரை அவரோடு போனில் பேசும்போது எழுந்து நின்று பேசுவான். அதைப் பார்த்தே சக்கரபாணிக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. அன்று மாலையே மனைவியிடம் பேச்சைத் தொடங்கினார்.

"ஒரு சின்னக் கையெழுத்துதான். பவர் பத்திரம். மீதியெல்லாம் நான் பாத்துக்கறேன்."

தேவயானி உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். "பவர் குடுத்தா நீங்க என்னா பண்ணலாம்?"

"கட்டடம் கட்டலாம்."

"விக்கலாமா?"

"சட்டப்படி விக்கலாம்."

"அடமானம் வெக்கலாமா?"

"வெக்கலாம்தான். ஆனா நான் வெப்பனா?"

"ஓடிப்போன அந்தத் தேக்குமரக் கம்பெனியில என் வளையல வித்துப் பணம் போட்டது யாரு?"

"அது பழைய கத."

"வளையலும் பழசுதான். இன்னிக்கு இருந்தா வெல என்னா தெரியுமா?" அவள் உளுந்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இதப் பாருங்க, எனக்குன்னு இருக்கறது அந்த ஆறு சென்ட்டுதான். அதுவும் போச்சுன்னா என் பதினோரு வருசமும் போச்சு. எனக்கு பயமா இருக்குதுங்க."

சக்கரபாணி கொஞ்சம் தடுமாறினார். புரமோட்டர் என்பதால் உடனே தேறிவிட்டார். "பொம்பளைங்களுக்கு விஷன் கெடையாது" என்றார்.

அவள் உளுந்துத் தண்ணீரை வடித்தாள். பிறகு சொன்னாள்: "சரி. பேங்க்லேந்து ஒரு ஆபீசர் எடத்துக்கு வந்து பாக்கட்டும். இதுல கட்டடம் கட்டக் கடன் குடுக்கலாம்னு அவங்க வாயால சொல்லட்டும். சொல்லிட்டா கையெழுத்துப் போடறேன்."

இது ஒரு பெரிய விஷயமா! பேங்க் ஆபீசரை நம்பவைக்க ஒரு கூட்டம் காட்டினால் போதும். ரியல் எஸ்டேட்காரர்கள் கூட்டம் சேர்க்கும் வழி ஊருக்கே தெரியும்: இலவச வேன், இலவச பிரியாணி. வந்தவர்கள் மனையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, இலையைப் பார்ப்பார்கள்.

"ஆளுங்கள நான் கூட்டியாரேன்" என்று தேவயானியே முன்வந்தாள். "நம்ம கடையில சாப்புடற ஷூ கம்பெனிப் பொண்ணுங்க. வர்ற அமாவாச அன்னிக்கு வெச்சுக்கலாம், நல்ல நாளு. அப்படியே அந்த வேன்லயே மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கும் போயிட்டு வந்துடுவாங்க. அதச் சொன்னாத்தான் வருவாங்க."

பெண்டாட்டி வழிக்கு வந்துவிட்டாள் என்று சக்கரபாணி மீசையைத் தடவிக்கொண்டார்.

அமாவாசையும் வந்தது. ஆறு சென்ட்டில் ஷாமியானா போட்டாயிற்று. பேனரில் 'சக்கரா ஹைட்ஸ்' என்ற எழுத்துக்குக் கீழே குளிர் கண்ணாடியோடு சக்கரபாணி கைகூப்பி நின்றார். பின்னால் பதினான்கு மாடிக் கட்டடம். பேனர் அடித்தவன் எந்த நாட்டிலிருந்து அந்தப் படத்தை எடுத்தானோ, மொட்டைமாடியில் பனிக்கட்டி உறைந்து கிடந்தது. கட்டப் போவது இரண்டு மாடி. அது வேறு விஷயம்.

வேனிலிருந்து பதினெட்டுப் பெண்கள் தலைக்குக் குளித்து, பூ வைத்து இறங்கினார்கள். சக்கரபாணி அவர்களை வரிசையாக நிறுத்திப் பாடம் சொல்லிக் கொடுத்தார். "பேங்க் மேடம் கேட்டா டூ பெட்ரூம், பால்கனியோட வேணும்னு சொல்லணும். புரிஞ்சுதா? இப்ப எல்லாரும் பிரியாணி சாப்பிடுங்க." இரண்டு அண்டாக்களின் மூடியைத் திறந்து காட்டினார். சிக்கன் வாசனை நெடுஞ்சாலை வரைக்கும் போயிற்று.

பெண்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். சங்கவி என்ற பெண்தான் வாயைத் திறந்தாள். "அண்ணா, இன்னிக்கு அமாவாசைங்க."

"தெரியும்மா. அதனாலதான் இன்னிக்கு வெச்சதே."

"நாங்க அங்காளம்மன் கோயிலுக்குப் போறோம். இன்னிக்குப் போயி யாராவது கறி துன்னுவாங்களா?"

சக்கரபாணிக்குப் பொறி தட்டியது, இரண்டு அண்டா தாமதமாக. திரும்பிப் பார்த்தார். தேவயானி தன் பாத்திரங்களை நிதானமாகத் திறந்துகொண்டிருந்தாள். சாம்பார் சாதம், வடை, பாயசம். எல்லாம் ஆவி பறந்தது.

"மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று பல்லைக் கடித்தார்.

"அமாவாசையில கறி ஆவாதுன்னு கூடவா ஒரு புரமோட்டருக்குத் தெரியாதுன்னு இருந்துட்டேங்க."

பிரியாணியைச் சின்னதுரை காப்பாற்றினான். "கவலைப்படாதீங்கண்ணே, பைனான்சியருக்குக் குடுத்துடறேன்" என்று இரண்டு அண்டாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போய்விட்டான். பைனான்சியர் சென்னையில் இருக்கிறார் என்பது சக்கரபாணிக்கு அப்போதுகூட உறைக்கவில்லை.

பேங்க் ஆபீசர் இசைவாணி வந்தார். பேனரைப் பார்த்தார், பனிக்கட்டியைப் பார்த்தார். இரண்டு வடை சாப்பிட்டுவிட்டுச் சங்கவியிடம் கேட்டார். "நீங்க இங்க வீடு வாங்கப் போறீங்களா?"

"எங்க சம்பளத்துக்கா, மேடம்?" சங்கவி சிரித்தாள். சக்கரபாணி அவள் கண்ணில் படும்படி இரண்டு விரலைக் காட்டி டூ பெட்ரூமை ஞாபகப்படுத்தினார். அவள் கண்டுகொள்ளவில்லை. "எங்களுக்கு வேண்டியது தங்கறதுக்கு ரூமு. இப்ப ஒரே ரூம்ல ஒம்போது பேரு இருக்கறோம். காலையில அஞ்சு மணிக்கே பாத்ரூமுக்கு க்யூ. பேஜாரு மேடம். இங்க கட்டினா கம்பெனிக்கு நடந்தே போயிடலாம். கீழ அக்கா மெஸ்ஸு, மேல எங்க ரூமு. வாடகைக்கு வர்றோம்னு பதினெட்டு பேரும் எழுதியே கொண்டாந்திருக்கோம்."

எழுதிய தாளை நீட்டினாள். இசைவாணி அதைப் படித்துவிட்டுத் தேவயானியிடம் திரும்பினார். "கடைக்கு மூணு வருஷத்துக்கு வரி கட்டின கணக்கு இருக்கா?"

தேவயானி பாயச அண்டாவுக்குப் பக்கத்திலிருந்த பையைத் திறந்து ஒரு பைலை எடுத்தாள். கணக்கு, பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, எல்லாம் அடுக்காக இருந்தது. ஆபீசர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "நல்ல திட்டம். கடன் குடுக்கலாம்" என்றார்.

முன்னால் பேசியது எதுவும் சக்கரபாணியின் காதில் ஏறவில்லை. 'கடன் குடுக்கலாம்' மட்டும் ஏறியது. மனைவி பக்கம் குனிந்து, "சொல்லிட்டாங்க பாத்தியா? இப்ப கையெழுத்துப் போடுவியா?" என்றார்.

"போடறேன்னு சொன்னா போடுவேங்க. பேங்க்லயே போட்டுடறேன். நீங்களும் வாங்க."

அடுத்த வாரம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, குளிர் கண்ணாடி சகிதம் பேங்குக்குப் போனார். தேவயானி ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். சக்கரபாணிக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பென்சிலால் குறித்த பதினோரு இடத்திலும் சர்சர்ரென்று போட்டுத் தள்ளினார். வெளியே வந்ததும் சின்னதுரைக்கு போன் போட்டார்.

"பவர் ஆயிடுச்சுடா!"

"சூப்பர்ண்ணே! வாட்ஸப்ல அனுப்புங்க."

பேங்கில் கொடுத்த நகலைப் படமெடுத்து அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் அவனே கூப்பிட்டான். குரலில் மரியாதை இறங்கியிருந்தது. "யோவ், இது பவர் இல்லய்யா. அண்ணி பேர்ல கட்டடக் கடன். கட்டறவங்களும் அவங்களேதான். நீ வெறும் ஜாமீன்." அதோடு வைத்துவிட்டான். சின்னதுரையும் போனான், பைனான்சியரும் போனார், அண்டா இரண்டும்கூடத் திரும்பி வரவில்லை.

"என்ன ஏமாத்திட்டியே!" என்று சக்கரபாணி நடுரோட்டில் நின்று கத்தினார்.

"தமிழ்லதானே எழுதியிருந்தது? படிச்சிருக்கலாமே."

"நம்பிக்கையில போட்டேன்டி!"

"அந்த நம்பிக்கைதாங்க நான் பவர் குடுக்காததுக்குக் காரணம். எவன் நீட்டினாலும் படிக்காம கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறப் போய்விட்டாள்.

பத்து மாசத்தில் கட்டடம் எழும்பியது. கீழே தேவயானி மெஸ், மேலே இரண்டு மாடி தேவயானி மகளிர் விடுதி. திறப்பு விழா அன்று கூட்டம் அலைமோதியது. கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் சக்கரபாணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். யார் பேரில் இருந்தால் என்ன, யோசனை அவருடையதுதானே! மொட்டைமாடியில் நின்று திண்டிவனத்தை ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திப் படியில் கால் வைத்தார்.

படிக்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வார்டன் செண்பகம் கையை நீட்டி மறித்தாள். கண்டமங்கலத்திலிருந்து அன்று காலைதான் வேலைக்கு வந்தவள், அவரை முன்னே பின்னே பார்த்ததில்லை.

"எங்கங்க போறீங்க? மேல ஆம்பளைங்க போகக் கூடாது. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் மட்டுந்தான் போகலாம்னு ஓனரம்மா சொல்லியிருக்காங்க. நீங்க ரெண்டுல எதுங்க?"