பெரிய வியாழனும் என் வலது கணுக்காலும்

எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. மானம் போனபோதும் முழுசாகத்தான் போனது.

துறைமுகத்தில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்த்தபடி நாளெல்லாம் சிமென்ட் தரையில் நிற்பவன் நான். மூன்று வருடங்களுக்கு முன் வலது கணுக்காலின் உட்புறத்தில் நரம்பு வலி வந்தது. உள்ளங்கால் எரியும். யாராவது அந்த இடத்தைத் தொட்டால் கரண்ட் அடித்த மாதிரி கால் தானாக உதைக்கும். (முதல் வார டைரிப் பதிவு: உதை மூன்று. மனைவிக்கு இரண்டு, பிசியோதெரபிஸ்டுக்கு ஒன்று.)

உதை வாங்கிய பிறகும் அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வெதுவெதுப்பான நீரில் காலை வைத்து, கணுக்கால் எலும்புக்குக் கீழே கட்டைவிரலால் மெதுவாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். வலிக்கிற இடத்தில் அழுத்தக் கூடாது.

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுவார். அந்தச் சமயம் பார்த்துத்தான் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனாக என்னைச் சேர்த்தார்கள். ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலில் பல வருடம் காத்திருந்து கிடைத்த மரியாதை. மனைவி ஸ்டெல்லாவுக்கு ஒரே பயம். "ஃபாதர் மூஞ்சில ஒதச்சி வெச்சேன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கோயிலுக்குப் போறது?"

கால் தொடுதலுக்குப் பழக வேண்டுமென்று இரண்டு வாரம் பயிற்சி நடத்தினேன். மாலையில் பேசினில் என் கால். எதிரே முக்காலியில் ஸ்டெல்லா. நான் கண்ணை மூடிக்கொண்டு உத்தரவு போடுவேன். அவள் திட்டிக்கொண்டே தேய்ப்பாள். கடைசி மூன்று நாளும் ஒரு உதைகூட இல்லை.

அந்த வியாழனும் வந்தது. ஏழாவது நாற்காலியில் நான். சாமியார் என் முன் மண்டியிட்டபோது பாடல் குழு ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான நீர் விழுந்தது. கை கணுக்காலைத் தொட்டது. கால் உதைக்கவில்லை. அந்த நிம்மதியில் என் கண் மூடிக்கொண்டது, வாய் திறந்துகொண்டது.

"இன்னும் கொஞ்சம் கீழ. அங்கதான். அவசரப்படாத, வட்டமா தேய்."

சாமியாரின் கழுத்தில் மைக் இருந்தது. என் குரல் வாசலில் நின்றவர்கள் வரை போய்ச் சேர்ந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த படகுக்காரர் அந்தோணி குனிந்து, "இன்னாண்ணே, வூட்ல கீறேன்னு நெனச்சிக்கினியா?" என்றார். அதுவும் மைக்கில் விழுந்தது. பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. ஸ்டெல்லா தலையைக் குனிந்து ஜெபித்தாள். (என்ன வேண்டிக்கொண்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.) பாதத்தை முத்தமிடக் குனிந்த சாமியார், தோள் குலுங்குவது நிற்கும்வரை நிமிரவே இல்லை.

அன்றைய டைரியில் "உதை: பூஜ்யம்" என்று மட்டும் எழுதினேன்.

இப்போது எங்கள் வீட்டில் யார் பாத்திரம் விளக்கினாலும், "அவசரப்படாத, வட்டமா தேய்" என்று இன்னொருவர் சொல்லாமல் இருப்பதில்லை.

மறுவருடப் பட்டியலில் என் பெயரைச் சாமியாரே எழுதினார். என் முன் மண்டியிட்டதும் முதல் வேலையாகக் கழுத்து மைக்கை அணைத்தார். பிறகு பாதத்தைக் கையில் ஏந்தி, மெல்லக் கேட்டார்.

"இப்ப சொல்லுங்க. எந்த இடம்?"